கழட்ட வராததை மாட்டாதே

வெல்டிங் அடிக்கிற சத்தம் எங்காவது கேட்டால் போதும், லாத்தா முந்தானையால் காதைப் பொத்திக்கொள்வார். மற்றவர்கள் கண்ணை மூடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அவர் காதைத்தான் பொத்துவார். "ரெண்டு கம்பிய உசுரோட ஒட்டுதான். அது கெடந்து கத்துது" என்பார்.

பிள்ளைகளே, உங்கள் இருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் முனிசிபல் பள்ளியில் பத்தாவது வரை தமிழில் படித்தவன். நீங்கள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். ஆகவே பெரிய வார்த்தைகள் எனக்கும் வராது, உங்களுக்கும் வேண்டாம். பெரியவள் வாசிக்கட்டும், சின்னவன் கேட்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சின்னவன் வாசலில் இருக்கும் செருப்பு ரேக்கைக் காலால் தட்டிவிட்டு, "அப்பா, இந்த பங்காரத் தூக்கிப் போடுங்க, ஆன்லைன்ல புதுசு வாங்கலாம்" என்றான். பங்கார் என்றால் இங்கே காயலான் சாமான். ரேக் ஆடுகிறதாம். இரும்பெல்லாம் ஒரே ஓட்டையாம். போதாததற்கு ஒரு பட்டையில் மட்டும் சிவப்பு டேப் சுற்றி, அதுவும் யாரோ கடித்து வைத்த மாதிரி அசிங்கமாக இருக்கிறதாம். அந்த டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் லாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது செருப்பு மாட்டுகிற நேரத்தில் சொல்லி முடிகிற விஷயமா?

செம்பூருக்கு வருவதற்கு முன்னால் நாம் இதே மும்பையில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருந்தோம். சின்னவன் அப்போது பிறக்கவில்லை. எங்கள் சந்தின் முனையில் லாத்தாவின் கோடவுன் இருந்தது. அவர் கடையநல்லூர்ப் பக்கம். அவர்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்பார்கள். அவருடைய தம்பி தங்கைகள் கூப்பிட்டதைக் கேட்டுச் சந்தே அப்படிக் கூப்பிட்டது. காய்கறி கொண்டுவரும் மராத்திக்காரர்கூட அதுதான் அவர் பெயர் என்று நினைத்து, "லாத்தாபாய்" என்பார்.

மூடப்போகிற கடைகளிலும் இடித்துக் கட்டுகிற ஆபீஸ்களிலும் கழித்துவிடும் இரும்பு ரேக்குகளை லாத்தா வாங்கி வருவார். உயரமான பட்டை, நீளவாக்கில் மடித்தது, மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஓட்டை போட்டது. மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். நான்கு பட்டையை நிறுத்தி, குறுக்கே பலகை கொடுத்து, நட்டு போல்ட்டால் முடுக்கினால் ரேக். அதையே கழற்றி வேறு மாதிரி முடுக்கினால் கட்டில். இன்னொரு மாதிரி முடுக்கினால் இட்லிக் கடை மேசை, தண்ணீர் டிரம் ஸ்டாண்டு, தையல் மெஷின் பெஞ்சு. மாலா என்று நாங்கள் சொல்கிற மேல்தட்டுக்குத் தாங்குகாலும் அதுதான்.

இதை ஊரில் எல்லா ரேக்குக்காரர்களும் செய்வார்கள். லாத்தாவிடம் மட்டும் ஒரு பிடிவாதம் இருந்தது. பட்டைகளை நான்கே நீளத்தில்தான் வெட்டுவார். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம், ஆள் உயரம். முழம் என்றால் அவருடைய முழம். ஆள் என்றால் அவருடைய வீட்டுக்காரர். நல்ல உயரம், கோடவுன் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைத் தவிர வேறு வேலை செய்து நான் பார்த்ததில்லை. "என் ஆளு எதுக்குப் பிரயோஜனமோ இல்லையோ, அளவுக்குப் பிரயோஜனம்" என்று லாத்தா அவர் முன்னாலேயே சொல்வார். அவர் பேப்பரை இறக்காமல் சிரிப்பார்.

வெட்டும்போது ஓட்டைக்கு நடுவில் வெட்டமாட்டார். எந்தப் பட்டையை எந்தப் பட்டையோடு வைத்தாலும் ஓட்டையும் ஓட்டையும் நேராக நிற்க வேண்டும். போல்ட்டும் ஒரே அளவு. அதை முடுக்க ஒரே பானா, பதிமூன்றாம் நம்பர். ஸ்பானரைத்தான் இங்கே பானா என்கிறோம். எங்கள் சந்தில் தீப்பெட்டி தீர்ந்துபோன வீடு இருக்கலாம். பதிமூன்றாம் நம்பர் பானா வாசல் ஆணியில் தொங்காத வீடு கிடையாது. ஆணி அடிக்கக் கூடாது, பசை போடக் கூடாது, வெல்டிங் வைக்கவே கூடாது. "கழட்ட வராததை மாட்டாதே" என்பார். பிஸ்மில்லாவுக்கு அடுத்தபடி அவர் அதிகமாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்கும்.

கோடி வீட்டு டெய்லர் ஒருநாள் அவரிடம் வந்து மாட்டிக்கொண்டார். புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தார். ரேக் இடிக்கிறது.

"லாத்தா, மூணே விரக்கடை. கட்டர் வச்சு ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது."

"வெட்டுனா அது உன் வீட்டுப் பட்டை ஆயிரும்லா."

"என் வீட்டுக்குத்தானே கேக்கேன்?"

"நாளைக்கு ஒனக்கு வேண்டாம்னா அது ஒருத்தருக்கும் ஆகாது. ஃப்ரிட்ஜ நவுத்து."

"நவுத்துனா கதவு தொறக்காது."

"ஃப்ரிட்ஜ் கதவா, வீட்டுக் கதவா?"

"வீட்டுக் கதவு."

"பாதி தொறக்கும்லா? நீ ஒல்லியாத்தான இருக்க. போதும்."

நாங்கள் அந்தச் சந்தைவிட்டு வரும்வரை டெய்லர் தன் வீட்டுக்குள் பக்கவாட்டில்தான் நுழைந்தார். அவர் மனைவி கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். அந்த அம்மா லாத்தாவைச் சபிக்காத நாள் இல்லை.

உள்ளதைச் சொல்கிறேன். லாத்தா செய்து கொடுத்தது எதுவும் யார் வீட்டிலும் கச்சிதமாகப் பொருந்தியது கிடையாது. எங்காவது நான்கு விரல் நீட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் அம்மாவின் சேலைகள் கிழிந்ததெல்லாம் அதில்தான். என் முழங்காலில் இருக்கிற தழும்பும் அந்தக் காலத்துச் சொத்து. சத்தம் வேறு. யாராவது பலமாகத் தும்மினால் ரேக்கில் பாத்திரமெல்லாம் பதில் சொல்லும்.

அவர் வீட்டுக்குள்ளும் இதே சட்டம்தான். டப்பாக்கள் எல்லாம் ஒரே வாய், எந்த மூடியும் எதற்கும் சேரும். பிள்ளைகளின் சட்டையிலெல்லாம் ஒரே பட்டன். அவர் மருமகள் வாய்த்துடுக்கான பெண். ஒருநாள் குழாயடியில் எல்லோர் முன்னாலும், "எங்க மாமி என்னையும் ஒருநா கழட்டி அடுத்த வீட்டுல மாட்டிருவாவ" என்றாள். லாத்தா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நீ எவ வீட்டு ஓட்டைக்கும் சேரமாட்ட மக்கா. அதனாலதான் வச்சிருக்கேன்" என்றார். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

அவருக்குத் தாங்க முடியாத இன்னொரு விஷயம், சும்மா நிற்கிற கம்பி. சந்துக்காரர்களுக்கு அவர் பட்டைகளைத் தருவார், தேவை முடிந்ததும் கோடவுனுக்கு வந்துவிட வேண்டும். அங்கே நீளவாரியாகக் கொக்கிகள் இருந்தன. கல்யாணத்துக்கு வாங்கிய பந்திப் பலகைக் கால்களை யாராவது திருப்பாமல் மாலாவில் ஏற்றி வைத்தால், லாத்தா சும்மா பார்க்க வந்த மாதிரி வந்து, அண்ணாந்து பார்த்து, "மேல ரெண்டு பேரு வேல இல்லாம படுத்திருக்காவ போல" என்பார். சாயங்காலத்துக்குள் பட்டை இறங்கிவிடும்.

இப்போது பெரியவளே, உன் கதைக்கு வருகிறேன். உனக்கு இதில் பாதி தெரியும், மீதி தெரியாது.

நீ நடக்கத் தொடங்கியபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தாய். முதலில் நாங்கள் அதையும் ரசித்தோம். பிறகுதான் டாக்டரிடம் காட்டினோம். தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியில் உட்காரவே இல்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றிலிருந்து கால்வரை மாவுக்கட்டு. இரண்டு காலையும் நன்றாக அகட்டி வைத்துக் கட்டிவிட்டார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு நம் கோலிக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், நேராக நுழைய முடியவில்லை, டெய்லர் மாதிரி பக்கவாட்டில்தான். படுக்க வைத்தால் கூரையைத் தவிர வேறு எதையும் நீ பார்க்க முடியாது. உட்கார வைக்கவும் வழியில்லை. நீ அழுவாய். உன் அம்மா அறை மூலையில் இருந்த மோரியில் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுவாள்.

லாத்தா வந்து பார்த்தார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் இரண்டு பாதத்துக்கும் நடுவில் முழம் போட்டுப் பார்த்தார். போய்விட்டார். உன் அம்மாவுக்குக் கோபம். "பிள்ளையப் பாக்க வந்தாங்களா, பாடை அளக்க வந்தாங்களா?" என்றாள். மத்தியானம் லாத்தா பட்டைகளோடு திரும்பி வந்தார். சாய்ந்த பலகை, நடுவில் இடைவெளி, இரண்டு பக்கமும் கால் நீட்ட மேடை, முன்னால் தட்டு வைக்க ஒரு குறுக்குப் பட்டை. உன்னை அதில் சாய்த்து வாசலில் வைத்தார். நீ அன்றைக்குத்தான் சந்தை மறுபடி பார்த்தாய். போகிற வருகிறவர்களிடம் அதிகாரம் செய்யத் தொடங்கினாய்.

கட்டுப் பிரித்தபோது டாக்டர், "எலும்பு நன்றாக உட்கார்ந்துவிட்டது. இனி இவள் நடக்க வேண்டும். நடந்தால்தான் கால் பலப்படும், இல்லையென்றால் இறுகிப் போகும்" என்றார். உன் கால்கள் குச்சியாக இருந்தன. தரையில் வைத்தால் நெருப்பில் வைத்த மாதிரி இழுத்துக்கொள்வாய்.

லாத்தா சாய்வுப் பலகையைக் கழற்றினார். அதே பட்டைகள் உன்னை நிற்க வைக்கிற சட்டமாயின. கொஞ்ச காலம் நின்றாய். அடுத்தபடியாகச் சந்தின் இரண்டு சுவரோரமும் உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் இரண்டு நீளக் கம்பிகளாயின. சந்து ஏற்கெனவே ஒடுக்கம். தண்ணீர் வருகிற நேரத்தில் குடத்தோடு வருகிறவர்கள் அந்தக் கம்பிகளுக்கு நடுவே உன் பின்னால் வரிசையாக நிற்பார்கள். நீ ஒரு அடி வைத்தால் வரிசை ஒரு அடி நகரும். "ஏ மகாராணி, குழாய் நின்னுரும்மா" என்பார்கள். ஒருத்தர்கூட உன்னைத் தாண்டிப் போகவில்லை. அதை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பயிற்சி கொடுத்த மேடம் மராத்திக்காரர், நல்ல பொறுமைசாலி. எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவர் சென்டிமீட்டரில் எழுதிக் கொடுப்பார். லாத்தா, "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும். எத்தன ஓட்டைன்னு மட்டும் கேட்டுட்டு வா தம்பி" என்பார். நான் ஒரு துண்டுப் பட்டையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் சிரித்தார். அன்றிலிருந்து அவரும், "தோ சேத் ஊபர்", இரண்டு ஓட்டை மேலே, என்று ஓட்டைக் கணக்கிலேயே சொல்லிவிட்டார்.

கடைசியில் உனக்கு ஒரு நடைவண்டி செய்தார். மூன்று பக்கம் பட்டை, கீழே சின்னச் சக்கரங்கள். அது நகரும்போது கடகடவென்று சத்தம் போடும், தெரு முனைவரை கேட்கும். உன் அம்மாவுக்குப் பயம், எங்கே கழன்றுவிடுமோ என்று. லாத்தா தினமும் வந்து ஒருமுறை முடுக்கிவிட்டுப் போவார். சத்தம் மட்டும் குறையவில்லை.

அப்போதுதான் உங்கள் மாமா வந்தான். டிராம்பேயில் கான்ட்ராக்டரிடம் வெல்டர். அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். வண்டி ஆடுவதைப் பார்த்தான். எங்களுக்குச் சொல்லாமலே ஒரு நாள் எடுத்துப் போய், ஒவ்வொரு மூட்டையும் வெல்டிங் வைத்து, நட்டுகளை அரத்தால் ராவி, ரோஸ் பெயிண்ட் அடித்து, பூ ஸ்டிக்கர் ஒட்டிக் கொண்டுவந்தான். கல்யாணச் சீர் மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. எங்களுக்கெல்லாம் சந்தோஷம். உங்கள் அம்மா தம்பிக்கு அன்றைக்குக் கறி வைத்தாள்.

லாத்தா வந்தார். வண்டியைத் தடவிப் பார்த்தார். வெல்டிங் வைத்த இடத்தில் விரல் நின்றது.

"அழகா இருக்கு" என்றார். போய்விட்டார்.

அடுத்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேடம் உன்னை நடக்கச் சொன்னார். நீ குனிந்துகொண்டு தள்ளினாய். நீ நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு வந்துவிட்டாய், கைப்பிடி கீழேயே நின்றுவிட்டது. இப்படிக் குனிந்தே நடந்தால் இடுப்புக்கு நல்லதல்ல என்றார். "தோ சேத் ஊபர்" என்றார். எல்லாம் ஒட்டிக் கிடக்கும்போது எதை ஏற்றுவது? மாமா ஏதோ ஆலையில் ஷட்டவுன் வேலைக்கு குஜராத் போய்விட்டான், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. வண்டியை ஓரத்தில் வைத்துவிட்டோம். வண்டி இல்லையென்றதும் நீ நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாய். ஒரே வாரத்தில் மறுபடி தவழத் தொடங்கினாய். கையைப் பிடித்து நிறுத்தினால் காலை மடக்கிக்கொள்வாய். உன் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் வேலைக்குப் போய் என்ன செய்தேன் என்று எனக்கு ஞாபகமில்லை. டாக்டர் சொன்ன 'இறுகிப் போகும்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் இருந்தது.

நான் லாத்தாவிடம் போய் நின்றேன். அது கணபதி சமயம், நல்ல மழை. கோடவுனில் கொக்கிகள் எல்லாம் காலி. பட்டைகள் முழுவதும் விழாக் கடைகளுக்குப் போயிருந்தன. அவர் வெறும் கொக்கிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் வெல்டிங் வைக்கச் சொல்லல லாத்தா" என்றேன்.

"நீ சொன்னேன்னு யாரு சொன்னா? அவன் பிரியத்துல செஞ்சான். பிரியம் வந்தா மனுசன் ஒட்டத்தான் பாப்பான்." பானாவை எடுத்தார். "வா. கம்பி எல்லாம் வீடுகள்ல இருக்கு."

முதலில் அவர் வீட்டுக்குள்ளேயே போனார். மருமகளின் குரல் கேட்டது: "மாமி, கட்டில் காலையுமா?" ஒரு முழப் பட்டை ஒன்றோடு வெளியே வந்தார். அடுத்தது இட்லிக் கடை அக்கா. வியாபாரம் முடிந்திருந்தது. மேசையின் ஒரு காலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அந்த இடத்தில் செங்கல்லை அடுக்கினார். டெய்லர் தானாகவே பானாவோடு வெளியே வந்தார். "என் ரேக்க எடுத்துக்கிடுங்க லாத்தா. முழுசா எடுத்தாலும் சரி" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, "முழுசா எடுங்க லாத்தா, புண்ணியமாப் போகும். நானும் நேரா நொழைவேன்!" என்று கத்தினாள். மழையில் நனைந்துகொண்டு எல்லோரும் சிரித்தோம். டிவி ஸ்டாண்டிலிருந்து ஒன்று, டிரம் ஸ்டாண்டிலிருந்து ஒன்று. வாசலுக்கு வாசல் பானா திருகுகிற சத்தம். யாரும் எதையும் அளக்கவில்லை, அளக்க வேண்டியிருக்கவில்லை. எந்த வீட்டுப் பட்டையும் எந்த வீட்டுப் பட்டையோடும் சேர்ந்தது. மத்தியானச் சாயாவுக்குள் உன் வண்டி நின்றது. இரண்டு ஓட்டை உயரமாக. அன்றைக்குச் சந்தில் எல்லா வீட்டிலும் ஒரு கால் குறைந்தது, என் மகளுக்கு இரண்டு கால் கிடைத்தது.

இன்னும் கிடைக்கவில்லை, அவசரப்படுகிறேன். உன்னை நிறுத்தினோம். நீ கையை எடுத்துக்கொண்டாய். பட்டையின் ஓரம் கூர்மையாக இருப்பதால் என்று நினைத்து, லாத்தா சைக்கிள் டியூபை வெட்டிக் கைப்பிடியில் சுற்றி, அதன் மேல் சிவப்பு டேப் சுற்றினார். நீ அதைக் கடித்துப் பார்த்தாய். நடக்கவில்லை. உன் அம்மா கதவுக்குப் பின்னால் போய்விட்டாள், பார்க்க மாட்டேன் என்று.

லாத்தாவுக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. வண்டியை லேசாக ஒரு தள்ளுத் தள்ளினார். அது கடகடவென்று கத்தியது.

நீ சிரித்தாய்.

ரோஸ் வண்டி ஊமை. இது பழைய சத்தம், உன்னுடைய சத்தம். லாத்தா கையை எடுத்துவிட்டார். சத்தம் நின்றது. நீ வண்டியைப் பார்த்தாய். அவரைப் பார்த்தாய். பிறகு நீயே தள்ளினாய். கடகட. சத்தம் போன பக்கம் உன் கால் போனது. டக் என்று ஒரு கால், சர்ர்ரென்று இழுபட்டுக்கொண்டு இன்னொரு கால். கடகட, டக், சர்ர். கடகட, டக், சர்ர். டெய்லர் வீடுவரை போய்விட்டாய். உன் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்தே, "போறாளா? போறாளா?" என்று கேட்டாள். வண்டிதான் பதில் சொன்னது.

அப்புறம் பல மாதம் அந்தச் சத்தம்தான் எனக்குக் கடிகாரம். வேலை முடிந்து சந்துக்குள் திரும்பும்போதே காது தேடும். சர்ர் என்ற இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் வண்டிச் சத்தமே கேட்கவில்லை. பதறிக்கொண்டு ஓடினேன். நீ வண்டியை இட்லிக் கடைப் பக்கம் விட்டுவிட்டு, என் எதிரே தனியாக வந்துகொண்டிருந்தாய்.

மாமா திரும்பி வந்து நடந்ததையெல்லாம் கேட்டுத் தலையைத் தொங்கப் போட்டான். லாத்தா அவனை விடவில்லை.

"ஏல வெல்டரு, எங்க மாலாவுல ஒரு மூட்டு ஆடுது. ஒரு டாக் வெல்டிங் வச்சுட்டுப் போ."

"லாத்தா, அந்தப் பேச்ச விடுங்களேன்."

"நெசமாத்தான் சொல்லுதேன். நீ பக்கத்துல வரும்போதே கம்பியெல்லாம் நடுங்குதுலே."

அவன் ரோஸ் வண்டியைக் கட்டரால் அறுத்தான். பட்டைகள் முக்கால்வாசி வீணாயின. ஒட்டிய ஒரு மூலைத் துண்டை மட்டும் லாத்தா வாங்கி, கோடவுன் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அடியில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட இருக்கதுலயே கழட்ட வராத சாமான் இது ஒண்ணுதான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். பூ ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கவில்லை.

நீ ஓடத் தொடங்கிய பிறகு லாத்தா வந்து எங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். வண்டி மாலாவில் இருந்தது. நாங்கள் துடைத்து, பாலிதீன் கவர் போட்டு வைத்திருந்தோம்.

"ஒருத்தரு சும்மா படுத்திருக்காரு" என்றார்.

"லாத்தா, இத மட்டும் வச்சுக்கிடுறோமே. நினைவுக்கு" என்றாள் உங்கள் அம்மா.

"நினைவுக்குப் புள்ள இருக்குல்லா. கம்பி என்னத்துக்கு?"

அங்கேயே உட்கார்ந்து கழற்றினார். டெய்லருக்குப் போக வேண்டியது டெய்லருக்கு, இட்லிக் கடைக்குப் போக வேண்டியது இட்லிக் கடைக்கு. உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது வலித்தது. சக்கரங்களைக் கழற்றினார், போல்ட்டுகளை டப்பாவில் போட்டார். கைப்பிடியில் சுற்றிய சிவப்பு டேப்பை உரிக்க நகத்தை வைத்தார். ஏனோ வைத்த நகத்தை எடுத்துவிட்டார். அப்படியே கொண்டுபோனார்.

பிறகு சின்னவன் பிறந்தான். நாம் செம்பூருக்கு வந்தோம். மூன்றாவது மாடி, நேராக நுழைகிற கதவு. செருப்பு ரேக்குக்கு லாத்தாவின் மகனிடம்தான் சொன்னேன். லாத்தா அதற்குள் ஊரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், கண் சரியாகத் தெரியவில்லை என்று. பட்டைகளை இறக்கியபோது அதில் ஒன்றில் சிவப்பு டேப்.

"இது எப்படி இங்க?" என்றேன்.

"தெரியலண்ணே. அந்த டேப்ப மட்டும் உரிக்கப்படாதுன்னு உம்மா சொல்லிருக்காவ. எந்த வீட்டுக்குப் போனாலும் அது அப்படியேதான் போகும், அப்படியேதான் வரும். எத்தனயோ பிள்ளைக நடந்திருக்கு அதப் பிடிச்சு."

டேப் முழுவதும் பல் தடம். எதில் உன் பல், எதில் வேறு பிள்ளையின் பல் என்று நானும் உங்கள் அம்மாவும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். தெரியவில்லை. உங்கள் அம்மா ஊருக்கு போன் போட்டாள். லாத்தா கேட்ட முதல் கேள்வி, "புள்ள நேரா நடக்காளா?" இரண்டாவது, "ரேக் ஆடுதா?" ஆடுகிறது என்றாள். "ஆடட்டும்" என்றார்.

இன்றைக்குக் காலையில் இரண்டாவது மாடிப் பெரியவர், நீங்கள் காகா என்று கூப்பிடுகிறவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன். கட்டிலிலிருந்து எழுந்து நிற்க வலுவாகப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை என்று அவர் மகள் வந்து சொன்னாள். நான் வாய் திறக்கும் முன் பெரியவள் எழுந்தாள். செருப்புகளைத் தரையில் கொட்டினாள். பதிமூன்றாம் நம்பர் பானா எங்கே என்று கேட்டாள். தூக்கிப் போடுங்கள் என்று சொன்ன சின்னவன்தான் போல்ட்டுகளை மசாலா டப்பாவில் பொறுக்கிப் போட்டான். சிவப்பு டேப் பட்டையை அவன் தோளில் வைத்துக்கொண்டான்.

நீங்கள் இருவரும் படியில் ஓடி இறங்கினீர்கள். பட்டைகள் கடகடவென்று கத்தின. நான் வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே நின்று கேட்டேன். இழுவை எதுவும் இல்லை. இரண்டு பேருடைய கால்சத்தமும் ஒன்றுபோலவே இருந்தது. எது பெரியவள், எது சின்னவன் என்று இந்தக் காதால் கண்டுபிடிக்க முடியவில்லை.